இடது கைக்கு ஓர் ஆயுதம்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்து, "வெள்ளம் வேணோ?" என்று கேட்டாள். என் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான். உள்ளே ஓடிப்போய்ப் புடவைகளைப் பெட்டியில் திணிக்கத் தொடங்கிவிட்டேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். இங்கே தண்ணீருக்கே வெள்ளம் என்று பெயர். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள் காயல் கரையில் குடித்தனம் தொடங்கியது இப்படித்தான். அந்த ஒரு தப்போடு என் தப்பெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு மலையாளம் பேச நன்றாகவே வரும், படிக்க வராது. என் மகளுக்கு மலையாளம் படிக்க வரும். தமிழை எழுத்துக்கூட்டக்கூட வராது. இதை நான் தமிழில் எழுதி வைத்தால் அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கொச்சங்காடிக் கிடங்குகளில் மூட்டை தூக்கினார். மிளகு மூட்டை, சுக்கு மூட்டை, அரிசி மூட்டை, எது வந்தாலும் அவர் தலைக்கு ஒன்றுதான். முந்தைய பெரிய மழையில் எங்கள் தெரு மூழ்கியபோது, அப்போது சின்னவளாக இருந்த மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையில் துணிமூட்டையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு முகாமுக்கு நடந்தவர் அவர். நான் வழி முழுக்கப் புலம்பினேன். அவர் யாரோ தெரிந்தவரைப் பார்த்து, "சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் கேஸ் சிலிண்டர் இல்லை, மிக்ஸி இல்லை. குக்கரை எடுத்துப் போனவன் அதன் மூடியை மட்டும் விட்டுவைத்திருந்தான். மூடியைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வந்தது வேறு. நம் வீட்டுக்குள் ஒருவன் கால் வைத்தான், நம் அலமாரியைத் திறந்தான், நாம் இல்லாதபோது நம் கட்டிலில் உட்கார்ந்தாலும் உட்கார்ந்திருப்பான் என்று பேசிப் பேசி மாய்ந்தார். அதன் பிறகுதான் வாசலுக்கு இரும்புக் கிரில் போட்டோம், பெரிய பூட்டும் வாங்கினோம். வீட்டுக்குள் இருந்தாலும் கிரில்லைப் பூட்டித்தான் வைப்போம்.

வருஷங்கள் கழித்து வந்தது பக்கவாதம். ஒரு காலையில் எழுந்தார், வலது பக்கம் எழவில்லை. பேச்சும் குழறிப்போனது. இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது, அதுவும் அதற்கு மனம் இருந்தால். அப்படிப்பட்ட உடம்பை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே நானும் மகளுமாகச் சேர்ந்தால்தான் முடியும். அன்றிலிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தாலே எனக்கு ஒரே கேள்விதான். இவரை எப்படி வெளியே கொண்டுபோவேன்? அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று இரண்டு பேருமே நினைத்திருப்போம்.

அப்போதுதான் தெருப் பெண்களின் அயல்கூட்டத்தில், மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கூட்டம் நடந்தது அந்தச் சேச்சி வீட்டு முன்னறையில். வெள்ளம் வேணோ என்று கேட்ட அதே சேச்சிதான். இப்போது எங்கள் தெருவுக்கே அவள்தான் பொறுப்பாளி. அவளுடைய சேட்டன், அதாவது புருஷன், தச்சு வேலைக்காரர். அறை மூலையில் எப்போதும் மரத்தூள் வாசனை அடிக்கும்.

சேச்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள். டார்ச், மருந்து, அவல், கயிறு, ஆதார் அட்டையை நனையாமல் பொதிந்து வைக்க பிளாஸ்டிக் உறை. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். கடைசியில், "பின்னே, கையிலொதுங்குன்ன ஒரு ஆயுதம் கூடி வெச்சோணே," என்றாள். கைக்கு அடக்கமாக ஓர் ஆயுதமும் வைக்க வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுற்றிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி, "எங்ஙடெ வீட்டில் வெட்டுகத்தி உண்டு, அது மதியோ?" என்று கேட்டாள். "மதி மதி," என்றாள் சேச்சி. அது போதுமாம்.

அடேயப்பா, இந்தப் பெண்களையா நான் இத்தனை நாள் சாதுக்கள் என்று நினைத்தேன்! தயங்கித் தயங்கி, "சேச்சி, அதை எடுத்து நம்மளே செய்யணுமா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆவசியம் வந்நா நம்மள் தன்னே செய்யண்டே அக்கா? ஆண்கள் வரான் காத்துநின்னால் தீர்ந்நு," என்றாள் சேச்சி. ஆண்பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருந்தால் கதை முடிந்தது என்கிறாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. போன வெள்ளத்தில் திருட்டுக் கொடுத்தது நாங்கள் மட்டும் இல்லை போலிருக்கிறது, தெருவே வஞ்சம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ மாதங்களாக எதைச் சொன்னாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், "எந்து ஆயுதம்?" என்று தலையைத் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் ஒரு பீரங்கியைக்கூட வாங்கி வந்திருப்பேன்.

மகள் எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமையானதால் வீட்டில் இருந்தாள். "ஆயுதமா? யாரைக் கொல்லவாம்மா?" என்று சிரித்துவிட்டு, போனை எடுத்துத் தேடினாள். தேடினால் கிடைக்காதது எது? துப்பாக்கி இல்லாதவர்கள் ஆபத்துக் காலத்துப் பையில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் காட்டுக்குள் நின்று விளக்கிக்கொண்டிருந்தான். கைக்கோடாலி, கவண், ஈட்டி, வில் எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். கரடி வந்தால் எது, ஓநாய் வந்தால் எது என்று தனித்தனியாகச் சொன்னான்.

"நம்ம தெருவுக்குக் கரடி வருமா?" என்றேன்.

"தெரு நாய் வரும்," என்றாள் மகள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி முழுவதையும் பார்த்தார். பிறகு வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வரச் சொன்னார்.

முதலில் தேங்காய் வெட்டும் வெட்டுகத்தி. அதை அவர் இடது கையில் வைத்தேன். தூக்கினார். பாதி உயரத்தில் மணிக்கட்டு மடங்கியது. கத்தி கட்டிலின் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. என் கால் விரலுக்கு அந்தப் பக்கம். மகள் வேகமாக அதை எடுத்துக்கொண்டு, "இது சரியாவாது அப்பா. முகாமுக்குப் போகும்போது பையில இது இருந்தா என்ன சொல்லுவாங்க? பாண்டிக்காரன் அரிவாளோட வந்திருக்கான்னுதான் சொல்லுவாங்க," என்றாள். சொன்னது நியாயம்தான். இங்கேயே பிறந்தாலும், ஒரு சண்டை சச்சரவு என்று வந்துவிட்டால் தமிழர்களான எங்களுக்கு அந்தப் பெயர்தான். ஆனால் அவள் அதைச் சொன்னது அவருக்கு ஆறுதலாகத்தான். கத்தி விழுந்ததற்கு ஒரு கௌரவமான காரணம் வேண்டாமா? நான் அதைத் துடைத்துச் சமையலறையில் பழைய இடத்தில் வைக்காமல், யார் கண்ணிலும் படக்கூடாது என்று சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன்.

அடுத்தது மிளகாய்ப்பொடி. அதுதான் பெண்களுக்குப் பழைய ஆயுதம். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, எப்படி வீசுவது என்று அவர் காட்டினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை மூன்று பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. அன்று மாலை வரை நாங்கள் அழுதோம், சிரித்தோம், மூக்கைச் சிந்தினோம். திருடன் வந்திருந்தால் அவனே எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பான்.

மகள் மிளகு ஸ்ப்ரே ஒன்று வாங்கி வந்தாள். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு, மிளகுக் கிடங்கு வாசனையிலேயே வாழ்ந்துகொண்டு, குப்பியில் அடைத்த மிளகை விலைக்கு வாங்குவதா என்று அவர் முதலில் முறைத்தார். பிறகு அதன் மூடியைத் திருகப் பார்த்தார். ஒரு சின்னத் தடுப்பைக் கட்டைவிரலால் நகர்த்தினால்தான் அது பீய்ச்சும். அவருடைய கட்டைவிரல் அந்தத் தடுப்பின்மேல் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். நகரவில்லை. நெற்றியில் வேர்த்தது. நான் பார்க்காதது போல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. இவர் தேடுவது எங்கள் பைக்கான ஆயுதம் இல்லை. இடது கையில் நிற்கிற, எடை இல்லாத, விரல் வேலை கேட்காத ஏதாவது ஒன்று. வெள்ளம் வந்தால் நாங்கள் முகாமுக்குப் போவோம், தன்னால் வர முடியாது, தான் இங்கேயே இருந்து வீட்டைக் காப்பது என்று மனதில் முடிவு கட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். வெளியே வந்து, நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும், "இவ்வளவு எதுக்கு? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்," என்றேன். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தேன்.

அவர் ஸ்ப்ரேயைப் போர்வைமேல் வைத்தார். "நான் வல்லவன் இல்லேல்ல? எனக்குப் புல்லு பத்தாது," என்றார்.

மறுநாள் நானே பஜாருக்குப் போனேன். துடைப்பம், கயிறு, பாய் விற்கிற கடையில் பிரம்புகள் தொங்கின. வளைத்துப் பார்த்து, எடை பார்த்து, நுனியைத் தடவிப் பார்த்து நான் எடுத்ததைக் கடைக்காரர் கவனித்துக்கொண்டே இருந்தார். "அக்கா டியூஷன் எடுக்குன்னுண்டோ?" என்று கேட்டார். ஆமாம், ஒரு பெரிய பையனுக்கு என்றேன்.

பிரம்பு அவர் கையில் நின்றது. வீசினால் காற்றில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. "கொள்ளாம்," என்றார். நல்லா இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி வீசினார். ஒரு வாரம் அதைத் தலையணைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார். ஈ வந்தால் ஓட்டினார், காக்கை வந்தால் ஜன்னல் கம்பியில் தட்டினார். பிறகு அதையும் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தையும் பையில் மற்றதோடு சேர்த்து வைத்து ஆணியில் மாட்டினேன். சேச்சி வீடு வீடாக வந்து விசாரித்தாள். "எல்லாம் வெச்சோ? ஆயுதமும்?" என்றாள். "ஆயுதமும் வெச்சாச்சு," என்றேன் பெருமையாக.

நம் ஆடிக்கு இங்கே கர்க்கடகம் என்று பெயர். அந்த மாதத்து மழை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலையில் மகள் வேலைக்குப் போகும்போது தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. மழையே இல்லாத மாதங்களில்கூடக் கடல் பெருகினால் காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி வந்து எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவள் போனதும் கிரில்லை இழுத்துப் பூட்டினேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவருக்குக் கஞ்சி கொடுத்தேன்.

மதியம் மழையும் கடலேற்றமும் சேர்ந்துகொண்டன. வாசற்படி காணாமல் போனது. நான் பாத்திரங்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் செருப்புகள் அறைக்குள் மிதந்து வருகின்றன. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்திருந்தோம், செங்கல் மறைந்தது. சரி, இனி இவரை வெளியே கொண்டுபோக ஆள் கூப்பிட வேண்டியதுதான் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிரில்லுக்குப் போனேன்.

சாவி நுழைந்தது, திரும்பவில்லை. உப்புத் தண்ணீர் எத்தனையோ முறை தொட்டுத் தொட்டுப் பூட்டின் உள்ளே துருவேறிப்போயிருந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினேன். சாவி ஒடிந்தது. பாதி பூட்டுக்குள், பாதி என் கையில்.

எங்கள் வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. திருடன் உள்ளே வர முடியாதபடி அவ்வளவு கெட்டியாகச் செய்திருந்தோம். மகளுக்குப் போன் செய்தேன். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் அசையாமல் நிற்கிறது என்றாள். சாவி ஒடிந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி அவளையும் ஏன் சாகடிக்க வேண்டும்? கிரில்லைப் பிடித்துக்கொண்டு சேச்சியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

இடுப்பளவு தண்ணீரில் கையைத் துழாவிக்கொண்டு சேச்சி வந்தாள். பூட்டைப் பார்த்தாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பதறாமல், "பேடிக்கண்டா அக்கா. பையில் ஆயுதம் உண்டல்லோ? எடுக்கு, நமுக்குப் பூட்டு பொளிக்காம்," என்றாள்.

பயப்படாதே, பூட்டை உடைத்துவிடலாம் என்கிறாள். இருந்த பதற்றத்தில் எனக்கு அது எட்டவில்லை. ஆயுதத்தை எடு என்றாள், அது மட்டும் எட்டியது. ஓடிப்போய்ப் பையை எடுத்தேன். கிரில் கம்பிகளுக்கு நடுவே பிரம்பையும் மிளகாய்ப்பொடியையும் நீட்டினேன்.

சேச்சி இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். மழை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "இது எந்தாக்கா?"

"ஆயுதம்."

"சுற்றிக, உளி, பாரை, அதல்லே ஆயுதம்!" என்று கத்தினாள். சுத்தியல், உளி, கடப்பாரை. தச்சன் வீட்டுக்காரிக்கு ஆயுதம் என்றால் அவள் சேட்டன் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகிற பையில் இருப்பது. எங்கள் ஊரில் சரஸ்வதி பூஜைக்கு அரிவாள்மணைக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்து ஆயுத பூஜை என்று கும்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். இருந்தும், கூட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டபோது என் மனம் திருடனிடம்தான் ஓடியது. ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்லியிருக்கிறோம், இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம்.

வெட்டுகத்தி நினைவு வந்தது. பரணில் ஏறி, சாக்கை அவிழ்த்து எடுத்து வந்து கொடுத்தேன். சேச்சி அதன் பின்பக்கத்தால் பூட்டைத் தட்டினாள். மூன்றாவது தட்டில் பிடி கழன்று கத்தி தண்ணீருக்குள் போனது. அவள் குனிந்து துழாவினாள். கிடைக்கவில்லை. அவள் வீட்டு ஆயுதங்கள் எல்லாம் சேட்டனோடு எர்ணாகுளத்தில் ஏதோ கட்டடத்தில் இருந்தன. "ஞான் ஆளெ விளிச்சு வராம்," என்று சொல்லிப் பிரம்பைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஆளைக் கூட்டி வருகிறேன் என்று போனவள் தெரு முனையில் திரும்பும்போது தண்ணீர் அவள் மார்பைத் தொட்டுவிட்டது.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பார்கள். அதைச் சொன்னவர் கட்டிலில் ஓர் ஆளைப் படுக்கவைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார். சாணும் முழமும்தான் அன்று எனக்கு எல்லாம். மெத்தை நனைந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் தலையணை, போர்வை, அரிசி டின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடுக்கி உட்காரவைத்தேன். பரணுக்கு ஏற்றிவிடலாம் என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். மூட்டை மூட்டையாகத் தூக்கிய உடம்பு, இன்று தானே மூட்டையாக என் கையிலிருந்து வழுக்கியது. மறுபடி தூக்கினேன். மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை நானும் அவரோடு தண்ணீரில் விழுந்தேன். எப்படியோ அவரைப் பழையபடி சாய்த்து உட்காரவைத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"நீ மேல ஏறு," என்றார்.

"நீங்க?"

"எனக்கு நீந்தத் தெரியும்."

"ஒத்தைக் கையாலயா?"

இடுப்புக்கு ஏறியிருந்த தண்ணீரில் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டேன். அப்போது என் தோளில் ஏதோ பட்டது. திரும்பினால், பிரம்பு. நான் கட்டிலில் வைத்திருந்ததை இடது கையில் எடுத்து என்னை அடிக்கிறார்.

எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் என்மேல் கை ஓங்காதவர். சமையல் தீய்ந்த நாளிலும் இல்லை, நான் அவர் தங்கையை வாய்க்கு வந்தபடி பேசிய நாளிலும் இல்லை. இப்போது, "ஏறுடி! ஏறு மேல!" என்று குழறிக் கத்திக்கொண்டே அடிக்கிறார். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, ஒன்று தண்ணீரில். ஈ ஓட்டிய அதே அடிதான். ஈரப் புடவைக்கு மேலே பட்டதுகூடத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பயமெல்லாம் போய் வெறும் கோபம். "அடிங்க! நல்லா அடிங்க! என்னைப் போகச் சொல்ல நீங்க யாரு?" என்று நானும் கத்தினேன். தெருவில் யாராவது கேட்டிருந்தால் வெள்ளத்துக்கு நடுவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்கள். அவர் அடித்துக்கொண்டே அழுதார். கை ஓய்ந்து பிரம்பு நழுவி மிதந்து அடுப்படிப் பக்கம் போனது. எடுத்துக் கொடு என்பதுபோல என்னையே பார்த்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னால் வேறு எதுவும் செய்யவும் முடியவில்லை. அவர் தலையை என் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் அவர் சட்டையின் எந்தப் பொத்தானைத் தொட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்புப் பொத்தானைத் தொட்டபோது வாசலில் சத்தம் கேட்டது. சேச்சி கொச்சங்காடி வரை போயிருக்கிறாள். கிடங்கிலிருந்து மூட்டை தூக்குகிற ஆட்களைக் கடப்பாரையோடு கூட்டி வந்திருந்தாள். இரண்டு நெம்பலில் பூட்டு தெறித்தது. உள்ளே வந்தவர்களில் இரண்டு பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள். "அண்ணாச்சி," என்றான் ஒருவன். அவ்வளவுதான் பேச்சு. ஒருவன் அக்குளில், ஒருவன் முழங்காலில் கை கொடுத்து, தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அந்தத் தூக்குக் குரலை முணுமுணுத்து, ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள். அந்தக் குரல் அவருக்குத் தெரியாததா? அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகாம் வந்து சேரும் வரை திறக்கவில்லை.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். இருட்டுவதற்குள் மகளும் நடந்தும் நனைந்தும் எப்படியோ வந்து சேர்ந்தாள். அவளிடம் பூட்டுக் கதையை மட்டும் சொன்னோம். சேச்சி அதைத் தெருக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், பிரம்பை நீட்டிக் காட்டும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

காலையில் எல்லோருக்கும் சாயாவும் பன்னும் கொடுத்தார்கள். மகள் கை கழுவப் போயிருந்தாள். பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, வழக்கம்போல் நான் அவருக்கு ஊட்டிவிட டம்ளரை எடுத்தேன். அவர் குடிக்கவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா?" என்றார்.

அந்த அடி எனக்கு ஒரு கொசுக்கடி அளவுகூட வலிக்கவில்லை. வலித்திருக்கக் கூடாதா என்று இரவு முழுக்க அழுதிருந்தேன்.

"ரொம்ப," என்றேன். "ராத்திரி தூங்கவே இல்ல. இன்னும் எரியுது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். பிறகு அந்தக் கையை நீட்டி என்னிடமிருந்து டம்ளரை வாங்கித் தானே குடித்தார். பாதிச் சாயா சட்டையில் சிந்தியது. நான் துடைக்கப் போகவில்லை.